எந்த இடத்தில போனை எடுத்தீங்கள்?

கேள்வி: மூண்டு வருசமா சிறுகதை எழுதுறன், ரெண்டு மூண்டு பேப்பரில வந்துமிருக்கு. வட்ஸ்அப்பில போட்டா "சூப்பர் அக்கா", ஒரு கைதட்டு, அதோட சரி. எங்க பிழை விடுறன் எண்டு ஒருத்தரும் சொல்லுறேல்ல. வேர்க்‌ஷொப்புக்குப் போறதோ, இல்லாட்டி நாங்களே நாலு பேர் சேர்ந்து குரூப் ஒண்டு தொடங்கிறதோ?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, இது எங்கட ஆக்கள் எல்லாருக்கும் இருக்கிற வருத்தம். கொழும்பில ஒரு புத்தக வெளியீட்டுக்குப் போய்ப் பாருங்கோ, மங்கல விளக்கு, வாழ்த்துரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதி வாங்க என்வலப்போட ஒரு வரிசை, பிறகு நயவுரை. பேரிலயே நயம் இருக்கு, குறை சொன்னா அந்தாளை அடுத்தமுறை மேடைக்குக் கூப்பிடமாட்டினம். நானும் நயவுரை செய்தனான், பொய் சொல்லேல்ல, பாதியை விழுங்கிப்போட்டன். அச்சடிச்சு முடிஞ்ச பிறகு சொல்லி என்ன பிரயோசனம், கதை பிரிண்ட் எடுத்த தாளாக் கையில இருக்கேக்கதானே ஆள் வேணும்.

அதால குரூப்பையே தொடங்குங்கோ. அஞ்சு ஆறு பேர் காணும், அதுக்கு மேல போனா உங்கட முறை வர ஆறு மாசமாகும். போயாவுக்குப் போயா கூடினா லீவுப் பிரச்சினையும் இல்லை. கதையை ஒரு கிழமைக்கு முன்னமே எல்லாருக்கும் அனுப்பிப்போடோணும், அங்க வந்து வாசிச்சுக் காட்டுற வேலை வேண்டாம், நல்ல குரல் இருக்கிற ஆள் வாசிச்சா கடைச் சிட்டையும் கதை மாதிரித்தான் கேக்கும்.

1956ல அமெரிக்காவில மில்ஃபோர்ட் எண்ட ஊரில அறிவியல் புனைகதை எழுதுறவை கூடத் தொடங்கினவை, அவையின்ர முறை இண்டைக்கும் நல்லா வேலை செய்யுது. வட்டமா இருந்து ஒவ்வொருத்தரா சொல்லுவினம், இடையில ஆரும் குறுக்க விழுறேல்ல, எழுதினவர் கடைசி வரைக்கும் வாயே திறக்கக்கூடாது. கஷ்டம்தான், "இல்லை, நான் நினைச்சது என்னெண்டா" எண்டு நாக்கு நுனியில வந்து நிக்கும். ஆனா பேப்பர் வாங்கி வாசிக்கிற ஆளின்ர வீட்டுக்குப் போய் நீங்கள் விளக்கம் குடுக்கப் போறேல்லத்தானே.

என்ர கதை ஒண்டைச் சொல்லுறன். தெஹிவளை ஸ்டேஷனில ஒரு அம்மா கோச்சிக்குக் காத்துநிக்கிறா, பக்கத்தில கடல், நான் கடலை ஒரு பக்கத்துக்கு வர்ணிச்சு வைச்சிருந்தன், எனக்கு அது பெரிய திறம். குரூப்பில ஒருத்தர் கடலைத் தூக்கு எண்டார், இன்னொருத்தர் கடல் காணாது, இன்னும் கொஞ்சம் போடு எண்டார், எனக்கு விசர் வந்திட்டுது. வீட்ட வந்து தாள்களைப் பார்த்தா மூண்டு பேர் ஒரே வரிக்குப் பக்கத்தில பென்சிலால கோடு போட்டிருக்கினம், ஒருத்தர் "இதில நான் போனை எடுத்துப் பார்த்தன்" எண்டும் எழுதியிருக்கிறார். கடலில ஒரு பிழையும் இல்லை, அந்த அம்மா ஆருக்காக நிக்கிறா எண்டு அதுவரைக்கும் நான் சொல்லவே இல்லை! ரெண்டு வரி முன்னால போட்டன், கடல் அப்பிடியே இருந்திது. வாசிக்கிற ஆளுக்கு எங்க இடறினது எண்டு நல்லாத் தெரியும், எப்பிடித் திருத்திறதெண்டு அவர் சொல்லுறது முக்கால்வாசி பிழைக்கும், அதைக் கேட்டுக்கொண்டு இருங்கோ, திருத்திறது உங்கட வேலை.

இன்னொண்டு, முதல் நாளே சொந்தக் கதையை மேசையில போடாதேங்கோ, ரோசம் வரும். உங்கட வெள்ளவத்தையில 57ஆம் ஒழுங்கையில கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கு, 1942ல தொடங்கினது, அங்க நூலகமும் இருக்கு, ஒரு பழைய சஞ்சிகைக் கதையை எடுத்து எல்லாரும் வாசிச்சு அதை வெட்டிப் பழகுங்கோ, எழுதினவர் அங்க இல்லைத்தானே. எனக்கெண்டா என்ர கதைக்கு வந்த கொமென்டுகளை விட மற்றாக்களின்ர கதையில பென்சில் பிடிச்சதாலதான் கண் திறந்தது, அவன் விட்ட பிழையை நானும் விடுறன் எண்டு அப்பதான் பிடிபடும்.

வேர்க்‌ஷொப் கூடாதெண்டு சொல்லேல்ல. காசு கட்ட முன்னம் ஒண்டு கேளுங்கோ, எங்கட கதையை ஆராவது வாசிப்பினமோ எண்டு. 1968ல அமெரிக்காவில தொடங்கின கிளாரியன் வேர்க்‌ஷொப் ஆறு கிழமை, எழுதுறதும் ஒருத்தரின்ர கதையை மற்றவை பிரிச்சு மேயுறதும்தான் அங்க வேலையே. ஒரு நாள் விரிவுரை, மத்தியானம் பிரியாணி, பின்னேரம் சேர்ட்டிபிக்கேற் எண்டா நாலு ஆக்களோட பழக்கம் பிடிக்கப் போங்கோ, அதுவும் தேவைதான்.

கேள்வி: குரூப்பில குடுத்தா கதையைக் களவெடுக்கமாட்டினமோ?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கருவைச் சொன்னா எடுக்கலாம், ஆனா அதை உங்களை மாதிரி எழுத அவராலயும் ஏலாது. பயமெண்டா ஈமெயிலில அனுப்புங்கோ, திகதி இருக்கும். எங்கட ஊரில முழுக்கதையும் வாசிக்க ஒரு ஆள் கிடைக்கிறதே பெரிய பாடு ஐயா.

கேள்வி: எங்கட குரூப்பில ஒரு அண்ணை மட்டும்தான் கதைக்கிறார், ஒரு மணித்தியாலம் போகுது. வயசில மூத்தவர், என்ன செய்யிறது?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: போனில ரைமர் போடுங்கோ, ஆளுக்கு மூண்டு நிமிசம், அதைப் பிடிக்கிற பொறுப்பை அவரிட்டயே குடுங்கோ. அதுக்கும் சரிவரேல்லையெண்டா அவரின்ர கதையை அடுத்த போயாவுக்கு எடுங்கோ, அண்டைக்கு அவர் வாய் திறக்க ஏலாதுத்தானே.