பிடித்ததைப் படித்தும் ஏன் பிடிக்கவில்லை?

"பாடசாலையில் நான் வலைப்பந்து அணித் தலைவி. அந்த ஆசையில்தான் விளையாட்டு விஞ்ஞானம் எடுத்தேன். இப்போது இரண்டாம் வருடம், பயோமெக்கானிக்ஸ் என்றாலே தூக்கம், புள்ளிகளும் இறங்குகின்றன. பெரியப்பா 'பீ.ரி. ரீச்சர் ஆகவா இவ்வளவு படிப்பு, பேசாமல் சிமா செய்' என்கிறார். விட்டுவிடவா?"
- ஒரு மாணவி, வெள்ளவத்தை

தங்கச்சி, சிமா என்ற கணக்கியல் படிப்பு உங்களுக்குப் பிடிக்கும் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை, அந்தப் பேச்சு முழுக்கப் பெரியப்பாவுடையது.

உங்களுக்குப் பிடித்தது ஆடுவது. இந்தப் பட்டம் சொல்லித்தருவதோ இன்னொருத்தி ஆடும்போது அவள் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை. வலைப்பந்தில் பந்தோடு ஓட முடியாது, பாய்ந்து பிடித்த கையோடு சட்டென்று நிற்க வேண்டும், அப்படி ஒற்றைக் காலில் இறங்கும்போது முழங்கால் உள்ளே மடங்கித் திரும்பினால் மூட்டுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற இணைப்பு நார் கிழிகிறது, உங்கள் அணியிலும் ஒருத்தியாவது முழங்காலில் கட்டோடு வெளியே உட்கார்ந்திருப்பாள். உங்களைத் தூங்க வைக்கும் பயோமெக்கானிக்ஸ் அவளுடைய கதைதான். விரிவுரையில் அதை விசையும் கோணமுமாக மட்டும் பார்த்தால் யாருக்கும் கொட்டாவி வரும்.

உளவியல் பாடத்தில் டெசி, ரயன் என்று இருவர் வருவார்கள். நானே தெரிவு செய்தேன், என்னால் முடிகிறது, என்னோடு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற மூன்று உணர்வும் இருந்தால் ஊக்கம் தானாக நிற்கும் என்பது அவர்கள் கட்சி. பரீட்சைக்கு எழுதிவிட்டு மறக்காமல், உங்களுக்கு எது குறைகிறது என்று பாருங்கள். என் ஊகம், இரண்டாவது.

வேலை? ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது, அதில் பெரியப்பா பொய் சொல்லவில்லை. பிஸியோ ஆகலாம் என்று நினைத்திருந்தால் அதை மறந்துவிடுங்கள், அதற்குத் தனிப் படிப்பும் இலங்கை மருத்துவ சபைப் பதிவும் வேண்டும். ஆனால் அணிகளின் உடற்தகுதிப் பயிற்சி, ஜிம், பாடசாலை என்று வழிகள் உண்டு, அமெரிக்க உடற்தகுதிப் பயிற்சிச் சங்கமான என்.எஸ்.சி.ஏ. பயிற்சியாளர்களுக்குத் தரும் சி.எஸ்.சி.எஸ். சான்றிதழுக்கே பட்டம் கேட்கிறார்கள். பீ.ரி. ரீச்சர் என்பதும் கேவலமான வேலை இல்லை, நம் சனம்தான் அதை அப்படிப் பார்க்கிறது.

அடுத்த விடுமுறையில் பழைய பாடசாலைக்குப் போய் சின்ன வகுப்பு வலைப்பந்து அணியைக் கொஞ்ச நாள் பயிற்றுவிக்கக் கேளுங்கள். பிள்ளைகள் குதித்து இறங்குவதை ஃபோனில் எடுத்து, மெதுவாக ஓடவிட்டு, முழங்காலைப் பாருங்கள், திருத்துங்கள். அப்போதும் அலுத்தால் தாராளமாக விலகலாம். சிமா எங்கேயும் ஓடாது, பட்டம் முடித்தும் செய்யலாம். அதுவரை பெரியப்பாவிடம் "யோசிக்கிறேன்" என்று சொல்லிவையுங்கள், பதிவுக் கட்டணத்தை மட்டும் அவசரப்பட்டுக் கட்ட விடாதீர்கள்.