கல்லுக்குள் ஒரு டெரியர்

கேள்வி: லண்டனில் பழைய நகைக்கடை ஒன்றில் டை பின் வாங்கினேன். கண்ணாடிக் குமிழுக்குள் ஃபாக்ஸ் டெரியர் நாயின் தலை, உயிரோடு எட்டிப் பார்ப்பதுபோல இருக்கிறது. அதை உள்ளே எப்படி வைத்தார்கள்?
- வாசகர், ஹாரோ

பதில்: உள்ளே எதையும் வைக்கவில்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எஸ்ஸெக்ஸ் கிரிஸ்டல் போலத் தெரிகிறது. 1860-களில் இங்கிலாந்தில் புகழ்பெற்று, வேட்டைப் பிரியர்களும் நாய்ப் பிரியர்களும் ஆசையாக அணிந்த நகை. மேலே குவிந்து அடியில் தட்டையாக இருக்கும் ஸ்படிகத்தின் அடிப்பக்கத்தில், வைரப்பொடி கலந்த எண்ணெய் தொட்டுத் தொட்டு நாயின் தலையைக் குழிவாகக் குடைவார்கள். மூக்கு முன்னே நீண்டு தெரிய வேண்டுமென்றால் அந்த இடத்தில் குழி ஆழமாகப் போக வேண்டும். பிறகு குழிக்குள் வண்ணம். என்னை மலைக்க வைப்பது இந்தக் கட்டம்தான். படத்தை மேலிருந்து ஸ்படிகத்தின் வழியாகப் பார்ப்பதால், சாதாரண ஓவியத்தில் கடைசியாக வைக்கும் கண்ணின் ஒளிப்புள்ளியையும் மீசை முடியையும் இங்கே முதலில் தீட்டிவிட வேண்டும்; முகத்தின் நிறம் அதற்குப் பின்னால்தான் வரும். தப்பினால் மேலே பூசி மறைக்க வழியே கிடையாது. கடைசியில் முத்துச்சிப்பித் தகடு வைத்து அடைப்பார்கள்.

பின்னைச் சாய்த்துப் பாருங்கள். அச்சுப்படத்தின் மேல் கண்ணாடி ஒட்டிய போலி என்றால் முகம் சப்பையாகிவிடும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும்போது உள்ளே காற்றுக்குமிழ் தெரிந்தாலும் அது கண்ணாடிதான். தயவுசெய்து சோப்புத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். இடுக்கில் ஈரம் ஏறினால் வண்ணம் கெட்டுவிடும்.

கேள்வி: எங்கள் டாக்ஸ்ஹண்ட் நாயை வெள்ளி டாலராகச் செய்துகொள்ள ஆசை. பட்டறையில், “அந்த ஜாதிக்கு அச்சு இருக்கு” என்கிறார்கள். அது போதுமா?
- வாசகி, கோவை

பதில்: போதாதும்மா. அந்த அச்சில் உங்கள் வீட்டு நாயின் முகம் வராது. 1907-இல் பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டின் சாண்ட்ரிங்கம் பண்ணை விலங்குகளைச் செதுக்கும் வேலையை ஏற்ற ரஷ்ய நகை நிறுவனமான ஃபாபெர்ஜே, சிற்பிகளை அங்கேயே அனுப்பி, நேரில் பார்த்து மெழுகில் வடிக்க வைத்தது. அதன் பிறகுதான் கல்லில் கை வைத்தார்கள். மன்னரின் செல்ல டெரியர் சீசரும் அப்படித்தான் உருவானது: வெள்ளைச் சால்செடனிக் கல்லில் உடல், மாணிக்கக் கண்கள், கழுத்தில் ‘நான் அரசருக்குச் சொந்தம்’ என்று எழுதிய எனாமல் பூசிய தங்கப் பட்டை. 1910-இல் மன்னரின் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்துபோன அதே சீசர்.

உங்கள் நாயைப் பட்டறைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். முடியாவிட்டால் அதன் கண் மட்டத்துக்குக் குனிந்து, நேரேயும் இரண்டு பக்கவாட்டிலும் படம் எடுத்துக் கொடுங்கள். முதலில் மெழுகு மாதிரி கேளுங்கள். காது தொங்கும் விதம் உங்களுக்குச் சரியென்று பட்ட பிறகே வெள்ளியை உருக்கச் சொல்லுங்கள்.