அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள் முதல்நிலை லீகின் 30 அணிகளுக்குரிய 30 மைதானங்களையும் பார்த்துவிட வேண்டும் என்று ஏன் அலைகிறார்கள்? எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்?

ஒரே மாதிரி இருந்திருந்தால் யாரும் அலைய மாட்டார்கள். நானும் அலைகிறவர்களில் ஒருவன்தான். ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸில் இருக்கிறேன். முப்பதில் பாதிக்கு மேல் பார்த்தாயிற்று.

பேஸ்பாலில் அளவு கறாராக இருப்பது உள்ளே இருக்கும் சதுரத்துக்குத்தான். ஒரு பேஸிலிருந்து அடுத்ததற்கு 90 அடி. பந்து வீசும் பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். இது எந்த ஊரிலும் மாறாது. அதற்கு அப்பால் வேலி எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில், நேராகவா கோணலாகவா என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தந்த ஊரின் இடவசதியைப் பொறுத்தது. கிரிக்கெட்டிலும் பவுண்டரி தூரம் ஊருக்கு ஊர் மாறும்தான். ஆனால் அங்கே கயிற்றை இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. இங்கே அது செங்கல் சுவர்.

பாஸ்டனில் 1912ல் திறந்த ஃபென்வே பார்க்கில் இடப்பக்கம் லான்ஸ்டவுன் தெரு குறுக்கே நிற்கிறது. அதனால் மைதானம் அந்தப் பக்கம் 310 அடியிலேயே முடிந்துவிடுகிறது. அந்த இடத்தில் 37 அடி உயரத்துக்கு ஒரு சுவர். 1947ல் அதற்குப் பச்சை பூசினார்கள், அப்புறம் 'கிரீன் மான்ஸ்டர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வேறு ஊரில் சாதாரண கேட்சாகப் போகிற உயரப் பந்து இங்கே சுவரில் பட்டு டபுள், அதாவது இரண்டு பேஸ் ஓட்டம், ஆகிவிடும். வேறு ஊரில் தாழ்வாகப் பறந்து வேலியைத் தாண்டி ஹோம் ரன் ஆகிற பந்து இங்கே சுவரில் மோதி ஒரே பேஸோடு சிங்கிளாகச் சுருங்கிவிடும். அதே அடி, அதே பந்து, ஊர் மாறினால் முடிவு மாறுகிறது.

சிகாகோவின் ரிக்லி ஃபீல்ட் 1914ஐச் சேர்ந்தது. அதன் எல்லைச் சுவர் முழுக்க 1937ல் நட்ட ஐவி கொடி. பந்து இலைக்குள் மாட்டிக்கொண்டால் ஃபீல்டர் இரண்டு கையையும் தூக்குவார். நடுவர் வந்து பார்த்து பேட்டருக்கு இரண்டாவது பேஸைக் கொடுப்பார். 1988 ஆகஸ்ட் வரை அங்கே விளக்கே கிடையாது, எல்லாம் பகல் ஆட்டம். டென்வரில் காற்று மெல்லியது, பந்து கூடுதல் தூரம் பறக்கும். அதற்காக மைதானத்தைப் பெரிதாக வைத்தும் போதாமல், 2002லிருந்து பந்துகளை ஈரப்பதம் காக்கும் அறையில் வைத்து எடுக்கிறார்கள். மேலடுக்கில் ஒரே ஒரு வரிசை இருக்கைக்கு மட்டும் ஊதா நிறம். கடல் மட்டத்திலிருந்து சரியாக ஒரு மைல் உயரம் அது. சான் ஃபிரான்சிஸ்கோவில் வலப்பக்கச் சுவரைத் தாண்டிய ஹோம் ரன் வளைகுடாத் தண்ணீரில் விழும், அதைப் பொறுக்க ஆட்கள் சிறு படகில் காத்திருப்பார்கள். சான் டியேகோவில் பழைய செங்கல் கட்டடம் ஒன்றை இடிக்காமல் அதன் மூலையையே எல்லைக் கம்பமாக வைத்துக்கொண்டார்கள்.

நீங்கள் கேட்கிற மாதிரி எல்லாம் ஒன்றுபோல் இருந்த ஒரு காலமும் உண்டு. 1960களிலும் 70களிலும் பேஸ்பாலுக்கும் அமெரிக்க கால்பந்துக்கும் சேர்த்து வட்ட வட்டமாக கான்கிரீட் அரங்குகளைக் கட்டினார்கள். பிட்ஸ்பர்க், சின்சினாட்டி, ஃபிலடெல்ஃபியா என்று எங்கே போனாலும் ஒரே அச்சு. 1992ல் பால்டிமோரில் கேம்டன் யார்ட்ஸ் வந்துதான் இதை உடைத்தது. பேஸ்பாலுக்கு மட்டுமான மைதானம், நகரின் நடுவில், பின்னால் பழைய ரயில்வே கிடங்கு அப்படியே நிற்க. அதற்குப் பிறகு கட்டியவர்கள் எல்லாரும் தங்கள் ஊரைக் கொஞ்சம் உள்ளே தெரியவிட ஆரம்பித்தார்கள். முப்பதையும் பார்க்கும் ஆசை இன்று இவ்வளவு பரவியிருப்பதற்கு கேம்டன் யார்ட்ஸ்தான் முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

எனக்குப் பிடித்தது எது என்றால் யோசிக்காமல் பிட்ஸ்பர்கின் பிஎன்சி பார்க் என்பேன். 2001ல் திறந்தது. கொலம்பஸிலிருந்து காரில் மூன்று மணி நேரம். இந்தப் பக்கத்துத் தமிழர்களுக்கு அந்த ரோடு மனப்பாடம், பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போகிற வழி அது. என் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தபோது காலையில் பெருமாள், மாலையில் பேஸ்பால் என்று திட்டம் போட்டேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அத்தை மட்டும், "வாங்க மாப்பிள்ளை, அதையும்தான் பாத்துடுவோம்" என்றார். அவர் சென்னை சூப்பர் கிங்ஸ் ஆட்டம் ஒன்றையும் விடாதவர், எனக்கு அந்த தைரியம்தான்.

கோயில் கேன்டீனில் வாங்கிய புளியோதரையை ஜிப்லாக் பையில் போட்டு எடுத்துப் போனோம். பல பேஸ்பால் மைதானங்களில் வெளிச் சாப்பாட்டுக்குத் தடை இல்லை, பை மட்டும் உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். சைவக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நகர மையத்தில் காரை விட்டுவிட்டு கிளெமென்டே பாலத்தின் மேல் நடந்தோம். ஆட்ட நாளில் அதில் வண்டிகளை விடமாட்டார்கள், பாலம் முழுக்க மஞ்சள் கறுப்புச் சட்டைக் கூட்டம்.

"யாரு இந்த கிளெமென்டே?" என்றார் அத்தை. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து பிட்ஸ்பர்குக்காக ஆடியவர் ராபர்டோ கிளெமென்டே. 1972 கடைசியில் நிகராகுவாவில் நிலநடுக்கம் வந்தபோது நிவாரணப் பொருட்களோடு தானே கிளம்பினார். டிசம்பர் 31 அன்று அந்த விமானம் கடலில் விழுந்தது. அதுவரை அவர் அடித்த ஹிட்கள் (பந்தை அடித்து பேஸை எட்டியவை) சரியாக 3000. அவர் சட்டை எண் 21, அதனால்தான் இந்த மைதானத்தின் வலப்பக்கச் சுவர் 21 அடி உயரம். நான் சொல்லி முடித்ததும் அத்தை அவர் சிலை முன்னால் செருப்பைக் கழற்றப் போனார். தடுத்தேன், ஆனால் அது தப்பான காரியம் என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை.

மூன்றாவது பேஸ் பக்கம் மேலடுக்கில் இருக்கை. அங்கிருந்து சுவருக்கு அப்பால் அலிகேனி ஆறு, அதன் மேல் மஞ்சள் பாலங்கள், அதற்கும் பின்னால் நகரத்தின் உயரக் கட்டடங்கள் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். பணம் அதிகம் கொடுத்து கீழே உட்கார்ந்தால் இந்தக் காட்சியில் பாதி போய்விடும். அத்தை முதல் இரண்டு இன்னிங்ஸ் கேள்வி மேல் கேள்வி கேட்டார். எத்தனை ஓவர்? ஓவர் கிடையாது, மூன்று அவுட் ஆனால் பக்கம் மாறும், ஒன்பது இன்னிங்ஸ். டிரா ஆனா? ஆகாது, முடிவு தெரியும்வரை ஆடுவார்கள். பக்கத்து வரிசையில் ஒரு பையன் கோட்டுக்கு வெளியே வந்து விழுந்த ஃபவுல் பந்தைப் பிடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டதும், "பந்தைத் திருப்பித் தர வேணாமா?" என்று பதறினார். வேண்டாம், பிடித்தவருக்குத்தான் அது சொந்தம். மூன்றாவது இன்னிங்ஸில் அவரே சொன்னார்: "இதுல கீப்பர்தான் எல்லாத்தையும் நடத்துறான் போல. என்ன பந்து போடணும்னு அவன்தான் சொல்றான்." இதை நான் புரிந்துகொள்ள ஒரு வருஷம் ஆயிற்று.

நான் எங்கே போனாலும் ஸ்கோர் அட்டை எழுதுவேன். ஆபீஸில் ஒரு பெரியவர் கற்றுக்கொடுத்த பழக்கம். பேட்டர் மூன்று முறை அடிக்கத் தவறி அவுட்டாகும் ஸ்ட்ரைக் அவுட்டுக்கு ஆங்கில கே எழுத்து. பேட்டர் மட்டையை வீசாமல் நின்றபடியே அவுட்டானால் அந்த கேயைத் திருப்பிப் போட வேண்டும். ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்ததும் பியரோகி பலகார உடுப்பு மாட்டிய ஆட்கள் மைதானத்தைச் சுற்றிப் பந்தயம் ஓடினார்கள். பிட்ஸ்பர்கின் வழக்கம் அது. மில்வாக்கியில் சாசேஜ்கள் ஓடும், வாஷிங்டனில் பழைய ஜனாதிபதிகள் ஓடுவார்கள். அத்தைக்கு அதுதான் அன்றைக்கு உச்சம்.

ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு ஈட்டி எறியும் பையன்களை டிவி போட்டி ஒன்றின் மூலம் தேடிப்பிடித்து 2008ல் இந்த பிட்ஸ்பர்க் அணிதான் ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் கையெழுத்திட்ட முதல் இந்தியர்கள் அவர்கள். முதல்நிலை அணிவரை வரவில்லை. அத்தையிடம் சொன்னேன். "நம்ம பசங்களுக்கு ஸ்பின்தான் சரி" என்று முடித்துவிட்டார்.

திரும்பி வரும்போது காரில், "உங்க முப்பது எப்ப முடியும்?" என்றார். அவர் கணக்கு வேறு. வேன் டூரில் போய்ப் போய் 108 திவ்ய தேசங்களில் பெரும்பாலானவற்றைச் சேவித்துவிட்டவர். வடக்கே சிலதும், நேபாளத்து முக்திநாத்தும் பாக்கி. எனக்கும் அப்படித்தான், முப்பதில் ஒன்று டொரான்டோவில் இருக்கிறது, இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு கனடா விசா எடுக்க வேண்டும் என்றேன். அதோடு கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் அணியின் கதையையும் சொன்னேன். அந்த அணி 2024 செப்டம்பரோடு ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டது. மேற்கு சாக்ரமென்டோவில் ஒரு சின்ன மைதானத்தில் தற்காலிகமாக ஆடுகிறது. லாஸ் வேகஸில் 2028க்குள் புது மைதானம் என்பது திட்டம். அத்தை சிரித்தார். "எங்க கணக்குலயும் ரெண்டு பூமியில கிடையாது மாப்பிள்ளை. அதை யாரும் வேன்ல போய்ப் பாக்குறதில்ல."

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கோயில் இருந்த இடத்திலேயே இருக்கும், மைதானம் இருக்காது. அட்லான்டாவில் டர்னர் ஃபீல்டில் அணி ஆடியது 1997 முதல் 2016 வரை, வெறும் இருபது சீசன். டெக்சஸின் ஆர்லிங்டனில் 1994ல் கட்டிய மைதானத்தை வெயில் தாங்கவில்லை என்று விட்டுவிட்டு, 2020ல் பக்கத்திலேயே கூரை போட்ட புதியதைத் திறந்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ மைதானம் இடம் மாறவில்லை, 2000லிருந்து பெயர் மட்டும் பசிபிக் பெல், எஸ்பிசி, ஏடி அண்ட் டி, ஆரக்கிள் என்று மாறிக்கொண்டே போனது. ஆகவே முப்பதை முடித்தவர் அடுத்த புது மைதானம் திறக்கும்வரைதான் முடித்தவர். ஒரே மாதத்துக்குள் முப்பதையும் ஓடி ஓடிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் பொறாமை இல்லை. அவர்கள் பார்த்ததில் விமான நிலையம்தான் அதிகம் இருக்கும்.

எது கணக்கில் சேரும் என்பதில் ரசிகர்களுக்குள் ஓயாத சண்டை. இடித்த மைதானம் சேருமா, மழையில் நின்றுபோன ஆட்டம் சேருமா, ஆட்டம் இல்லாத நாளில் டூர் போனால் சேருமா? என் விதி எளிது: கடைசி அவுட்வரை உட்கார்ந்திருந்தால் சேரும். இடித்தவற்றுக்குத் தனிப் பட்டியல். பிட்ஸ்பர்கில் பழைய ஃபோர்ப்ஸ் ஃபீல்டின் சுவரில் ஒரு துண்டு இன்னும் பல்கலைக்கழகப் பகுதியில் நிற்கிறது. சாம்பியனை முடிவு செய்யும் இறுதித் தொடரான உலகத் தொடரில், 1960ன் ஏழாவது ஆட்டத்தை பில் மஸரோஸ்கி ஹோம் ரன் அடித்து முடித்த மைதானம் அது. ஒவ்வொரு அக்டோபர் 13ம் தேதியும் ரசிகர்கள் அந்தச் சுவரடியில் கூடி பழைய வானொலி வர்ணனையைப் போட்டுக் கேட்கிறார்கள்.

நீங்களும் அமெரிக்காவில் இருந்து தொடங்க நினைத்தால் முதலில் உள்ளூரில் கீழ்நிலை அணிகள் ஆடும் மைனர் லீக் ஆட்டம் ஒன்றைப் பாருங்கள். செலவு குறைவு, ஆட்டம் புரிந்துவிடும். அப்புறம் வடகிழக்கு: பாஸ்டன், நியூயார்க்கில் இரண்டு, ஃபிலடெல்ஃபியா, பால்டிமோர், வாஷிங்டன் என்று ஆறு மைதானம் ஒரே ரயில் பாதையில், கார் தேவையே இல்லை. ஒவ்வொரு அணிக்கும் 162 ஆட்டத்தில் சொந்த ஊரில் 81தான். அதனால் விமான டிக்கெட்டுக்கு முன்னால் ஆட்ட அட்டவணையைப் பாருங்கள். முக்கியமாக, இரண்டிரண்டு அணிகள் உள்ள சிகாகோவிலும் நியூயார்க்கிலும் ஓர் அணி ஊரில் இருக்கும்போது பெரும்பாலும் மற்றது வெளியூரில் இருக்கும். ஹூஸ்டன், மயாமி, ஃபீனிக்ஸ், ஆர்லிங்டன் நான்கிலும் மூடித் திறக்கும் கூரை இருப்பதால் அவற்றைக் கொளுத்தும் ஆகஸ்டுக்கு வைத்துக்கொள்ளலாம். கிளீவ்லாண்டுக்கும் டெட்ராய்ட்டுக்கும் ஏப்ரலில் போகாதீர்கள். போயே தீருவேன் என்றால் கம்பளி எடுத்துப் போங்கள்.