கேள்வி பதில்: வார்டில் நோயாளியின் மனத்தெளிவை நர்ஸ் கவனிப்பது எப்படி?

வயதான நோயாளி ஒருவருக்கு மூளை தடுமாறத் தொடங்கினால் அது முதலில் தெரிய வேண்டியது நர்ஸுக்குத்தான். டாக்டர் ரவுண்ட்ஸில் பார்ப்பது சில நிமிடம்; நர்ஸ் ஷிஃப்ட் முழுக்கப் பக்கத்தில் இருக்கிறார். இது பற்றி வந்த கேள்விகளுக்கு முதியோர் பராமரிப்பில் உள்ள செவிலியர் ஒருவர் பதில் சொல்கிறார்.

ஆர்த்தோ வார்டு ஸ்டாஃப் நர்ஸ்: வார்டு நிறைய பேஷண்ட், டியூட்டியில் இரண்டே பேர். 30 மார்க் எம்.எம்.எஸ்.இ. என்ற மனத்திறன் தேர்வெல்லாம் போட நேரமில்லை. வேலையோடு வேலையாக எதைப் பார்ப்பது?

கவனத்தைப் பாருங்கள் சிஸ்டர். நம்மில் பலர் நினைவாற்றலைத்தான் தேடுகிறோம். ஆனால் காய்ச்சல், ஆபரேஷன், மருந்து இவற்றால் வரும் திடீர்க் குழப்பத்தில், அதாவது டெலிரியத்தில், முதலில் சிதறுவது கவனம்தான்.

பி.பி. பார்க்கும் நேரமே போதும். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்புகிறாரா? கஃப் இறங்கும்வரை உங்கள் பேச்சைத் தொடர்கிறாரா, பாதியில் ஃபேனையும் பக்கத்துக் கட்டிலையும் பார்க்கப் போய்விடுகிறாரா? முந்தைய கேள்விக்கான பதிலையே அடுத்த கேள்விக்கும் சொல்கிறாரா? “சனி, வெள்ளி, வியாழன்... இப்படியே பின்னாடி சொல்லுங்க ஐயா” என்று கேளுங்கள். நேற்று கடகடவென்று சொன்னவர் இன்று புதனோடு நின்றுவிட்டால் அது பெரிய செய்தி.

“சாப்பிட்டீங்களா?” என்றால் “ஆச்சும்மா” என்று வரும். அது பழக்கத்தில் வரும் பதில். டிமென்ஷியா, அதாவது மறதி நோய், முற்றியவர்கூட அழகாகச் சொல்வார். “இது ஆஸ்பத்திரிதானே?” என்பதும் வீண் கேள்வி, விடையை நீங்களே கொடுத்துவிடுகிறீர்கள். “காலையில என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டுவிட்டுத் தட்டைப் பாருங்கள்.

பி.எஸ்சி. நர்சிங் மாணவி: டெலிரியத்தைக் கண்டறியும் கேம், 4ஏடி என்ற இரண்டு முறைகளையும் வகுப்பில் படித்தோம். வார்டில் எது உதவும்?

கேம் 1990இல் வந்தது. நான்கு அம்சங்கள்: திடீரெனத் தொடங்கி ஏறி இறங்குவது, கவனக்குறைவு, தொடர்பற்ற சிந்தனை, விழிப்பு நிலையில் மாற்றம். முதல் இரண்டும் இருந்து, மற்ற இரண்டில் ஒன்றாவது இருந்தால் டெலிரியம் என்று எடுத்துக்கொள்கிறோம். சரியாகப் போட பயிற்சி வேண்டும்.

4ஏடி சுலபம். விழிப்பு நிலை; வயது, பிறந்த தேதி, இடம், வருடம் என்ற நான்கு கேள்விகள்; டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்வது; திடீர் மாற்றம் உண்டா என்பது. மொத்தம் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் டெலிரியமாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

நம் ஊரில் ஒரு சிக்கல். பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்குப் பிறந்த தேதி எப்போதுமே தெரிந்திருக்காது. ஜனவரி, பிப்ரவரி என்று வரிசையாகச் சொல்லவும் வராது. அந்தத் தவறை நோயின் கணக்கில் சேர்த்தால் நல்ல தெளிவோடு இருப்பவரும் மாட்டிக்கொள்வார். ஸ்கோரை எழுதுங்கள், பக்கத்திலேயே “படிக்காதவர், பிறந்த தேதி முன்பும் தெரியாது என்கிறார் மகள்” என்றும் எழுதுங்கள். அவருக்கு என்ன தெரிந்திருக்குமோ அதைக் கேளுங்கள்: என்ன தமிழ் மாதம், அடுத்து என்ன பண்டிகை, பேரப்பிள்ளைகள் பெயர் என்ன.

நோயாளியின் மகள்: அப்பாவுக்கு 78 வயது. இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். பகலில் சரியாகப் பேசுகிறார், ராத்திரியில் ஐ.வி. லைனைப் பிடுங்குகிறார், சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார். வயசாயிடுச்சு, அப்படித்தான் என்கிறார்கள்.

வயதால் ஒரே ராத்திரியில் இப்படி ஆகாது. பகலில் தெளிவு, இரவில் குழப்பம் என்று மாறி மாறி வருவதே டெலிரியத்தின் அடையாளம். பெரும்பாலும் அடியில் ஒரு காரணம் இருக்கும், அதைத் தேட வேண்டும். டியூட்டி நர்ஸிடம் “எங்கப்பா வீட்டில் இப்படி இல்லை, நேற்று ராத்திரியிலிருந்துதான்” என்று இதே சொற்களில் சொல்லுங்கள். நீங்கள் தரும் அந்த ஒரு தகவல் எந்த டெஸ்ட்டிலும் கிடைக்காது.

இதைப் படிக்கும் நர்ஸ்களுக்கு: முதலில் சர்க்கரை, ஆக்ஸிஜன் அளவு, டெம்பரேச்சர். பிறகு அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள், சிறுநீர் தேங்கியிருக்கலாம். மலம் போய் எத்தனை நாள்? வலி மாத்திரை போதுமா? ட்ரக் சார்ட்டில் குழப்பத்தைத் தூண்டக்கூடிய பெனிரமின், ப்ரோமெதஸின், டயஸெபாம், ட்ரமடால் இருக்கிறதா? ரத்தத்தில் சோடியம் பார்த்தார்களா? குடிப்பழக்கம் உண்டா என்று வீட்டாரைத் தனியாக அழைத்துக் கேளுங்கள். கடைசியாகக் குடித்து இரண்டு மூன்று நாளில் கைநடுக்கமும் வியர்வையுமாகக் குழப்பம் வந்தால் அது அவசர நிலை.

கையைக் கட்டிப்போடுவது நிலைமையை மோசமாக்கும். மூக்குக்கண்ணாடியை மாட்டிவிடுங்கள், மங்கலான விளக்கொன்று எரியட்டும், வீட்டு ஆள் ஒருவர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

நைட் டியூட்டி நர்ஸ்: தொந்தரவு செய்பவரைக் கண்டுபிடித்துவிடலாம். அமைதியாக இருப்பவரை?

நல்ல கேள்வி. என் கவலையெல்லாம் அவர்கள்மேல்தான். “நல்லா தூங்குறார், ஒரு தொல்லையும் இல்லை” என்று ஷிஃப்ட் மாறும்போது ஓவர் கொடுக்கப்படும் பேஷண்ட்தான் பல நேரம் அமைதியான வகை டெலிரியத்தில் இருப்பவர். மனச்சோர்வு என்றோ களைப்பு என்றோ அதை விட்டுவிடுகிறோம்.

கூப்பிட்டுப் பாருங்கள். சாதாரணத் தூக்கம் என்றால் எழுந்ததும் உங்களைப் பார்ப்பார், பேச்சு ஓடும். டெலிரியத்தில் குரலுக்குக் கண் திறப்பார், பதில் பாதியிலேயே இமை மூடும். கண்ணோடு கண் 10 விநாடிகூட நிற்கவில்லை என்றால் விழிப்பு நிலையை அளக்கும் ராஸ் அளவில் அது மைனஸ் 2. வாயில் கொடுத்த இட்லியை மெல்லாமல் அப்படியே வைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். புரை ஏறும், உணவை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

ஸ்ட்ரோக் வார்டு நர்ஸ்: ஒருவர் தினமும் பாதிச் சாப்பாட்டை மிச்சம் வைக்கிறார். பசியில்லை என்று எழுதலாமா?

எந்தப் பாதி என்று பாருங்கள். எப்போதும் தட்டின் இடப்பக்கச் சோறே மிச்சமானால், ஒன்றும் சொல்லாமல் தட்டை அரைச்சுற்று திருப்பி வையுங்கள். மிச்சத்தையும் சாப்பிட்டுவிட்டால் குறை பசியில் இல்லை, இடப்பக்கத்தை மூளை கணக்கில் எடுக்கவில்லை. வலப்பக்க மூளை பாதிப்பில் இது வரும். முகத்தின் இடப்பக்கம் ஷேவ் ஆகாமல் இருப்பது, சட்டையின் இடக்கையை மறப்பது எல்லாம் இதே வகை. பார்வைப் புலத்தில் மட்டும் குறை உள்ளவர் பெரும்பாலும் தலையைத் திருப்பிச் சமாளிப்பார். இவர் தேடவே மாட்டார். கீழே விழும் ஆபத்து அதிகம், கட்டிலின் இடப்பக்க ரெய்லை மறக்காதீர்கள்.

இன்னொன்று. சரளமாகப் பேசுகிறார், ஒன்றும் பொருந்தவில்லை என்றால் குழம்பியிருக்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள். டம்ளரைக் கையில் கொடுங்கள், சைகையால் “எழுந்து உட்காருங்கள்” என்று காட்டுங்கள். இரண்டையும் சரியாகச் செய்தால் குறை மொழியில் இருக்கலாம். அது திடீரென வந்ததென்றால் புதிய ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை மணியோடு எழுதுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பயிற்சி நர்ஸ்: காது கேட்காதவரை எப்படிப் பரிசோதிப்பது?

ஸ்டெதஸ்கோப்பை அவர் காதில் மாட்டி, மறுமுனையில் மெதுவாகப் பேசுங்கள். பதில்கள் சரியாக வந்தால் குறை காதில்தான். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வார்டு இன்சார்ஜ்: கேஸ் ஷீட்டில் எல்லாரும் “குழப்பமாக இருக்கிறார்” என்றே எழுதுகிறார்கள். எப்படி எழுத வைப்பது?

முடிவை எழுதாதீர்கள், பார்த்ததை எழுதுங்கள் என்று சொல்லுங்கள். “காலை 6.10. இரண்டு முறை கூப்பிட்டபின் கண் திறந்தார். இடம் கேட்டதற்கு ‘பஸ் ஸ்டாண்டு’ என்றார். கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லும்போது வியாழனில் நின்றார். போர்வையைக் கையால் பிய்த்துக்கொண்டிருந்தார். நேற்று மாலை 5 மணிக்கு மூன்றும் சரி.” இப்படி எழுதினால் அடுத்த ஷிஃப்ட் ஒப்பிட முடியும். டெலிரியத்தை இப்படிக் கவனித்துக் குறிப்பதற்கென நெதர்லாந்தில் உருவாக்கிய டி.ஓ.எஸ். அளவுகோலில் 13 கவனிப்புகள். ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் நிரப்ப வேண்டும், 3 அல்லது மேல் வந்தால் எச்சரிக்கை. நோயாளியிடம் தேர்வுபோல் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

“தெரியலை” என்ற பதிலையும் குறிக்கச் சொல்லுங்கள். முயற்சியே செய்யாமல் “தெரியலை” என்பவருக்கு மனச்சோர்வு இருக்கலாம். டிமென்ஷியா உள்ளவர் சிரித்து மழுப்புவார், இல்லையென்றால் பதிலுக்கு மனைவியின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பார். இதை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது, டாக்டருக்குத் துப்பு.

டயபடீஸ் நர்ஸ்: டிஸ்சார்ஜ் ஆகும் முதியவர் இன்சுலின் தானே போட்டுக்கொள்வாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

“புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள். பாட்டிலையும் சிரிஞ்சையும் அவர் கையில் கொடுத்து “14 யூனிட் எடுத்துக் காட்டுங்க” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். மில்லிக்கு 40 யூனிட் உள்ள பாட்டிலுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100க்கு ஆரஞ்சு, சரியானதைத் தேர்ந்தெடுக்கிறாரா? காற்றுக்குமிழியைக் கவனித்து வெளியேற்றுகிறாரா? போட்டதும் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறாரா? படி மாறினால் திருத்திவிட்டு மறுநாள் மறுபடி செய்யச் சொல்லுங்கள். கை நடுக்கமோ கண் மங்கலோ காரணம் என்றால் இன்சுலின் பேனா உதவும். இரண்டாம் நாளும் வரிசை மாறுகிறது, 14க்குப் பதில் 40 எடுக்கிறார், தவறு நடந்ததே அவருக்குத் தெரியவில்லை என்றால் வீட்டில் ஊசி போடப்போகும் ஆள் யார் என்று கேட்டு, அவரையும் உங்கள் முன்னால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். டாக்டரிடம் நினைவாற்றல் பரிசோதனைக்கும் எழுதிக் கேளுங்கள்.