சாரல் காலத்தில் பாதியிலேயே நிற்கும் கம்ப்யூட்டர்

கேள்வி: அண்ணாச்சி, புளியரை செக்போஸ்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். கம்ப்யூட்டர் வாங்கி எட்டு வருஷம் ஆச்சு, விண்டோஸ் 10. ஆனி பிறந்ததுல இருந்து காலையில கடை திறந்து போட்டா, லோகோ வந்து கீழே புள்ளி சுத்தும், அப்படியே நின்னுரும். சில நாள் லோகோவே வராது, கருப்பா நிக்கும். பட்டனை அமுக்கி அணைச்சு அணைச்சு மூணு நாலு தடவை போட்டா வந்துரும். வந்துட்டா சாயங்காலம் வரைக்கும் ஒரு குறையும் இல்ல. ஒரு பையன் 700 ரூபாய் வாங்கிட்டு ஃபார்மட் போட்டான். ரெண்டு நாள்ல பழையபடி ஆயிட்டு. புதுசு வாங்கிரணுமா?

பதில்: தங்கச்சி, அந்த 700 ரூபாய் போனது போகட்டும். பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். விண்டோஸ் கெட்டிருந்தால் நாலாவது தடவையும் கெட்டுத்தான் இருக்கும். அதற்குக் காலை, சாயங்காலம் தெரியாது. இன்னொன்று, ஒரு நாள் லோகோவில் நிற்கிறது, ஒரு நாள் அதற்கு முன்பே கருப்பில் நிற்கிறது. கடைக்கு இப்படி யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: தினமும் ஒரே இடத்தில் நிற்கிறதா, இடம் மாறுகிறதா? ஒரே இடம் என்றால் சாஃப்ட்வேர் மேல் சந்தேகப்படுவேன். மாறி மாறி நின்றால் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிடுவேன்.

பட்டனை அமுக்கியதும் முதலில் எஸ்எம்பிஎஸ் (சுவர்க் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் பெட்டி) தன் வோல்ட்டேஜ் நிலைப்பட்ட பிறகு, எல்லாப் பாகங்களும் செருகியிருக்கும் பெரிய பலகையான மதர்போர்டுக்கு ஒரு சிக்னல் கொடுக்கும். அதன் பிறகு மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ் எழுந்து ரேம் (ஓடும்போது மட்டும் பயன்படும் தற்காலிக நினைவகம்), டிஸ்ப்ளே, கீபோர்டு, டிஸ்க் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கும். இவ்வளவும் முடிந்துதான் டிஸ்கிலிருந்து விண்டோஸ் ஏற ஆரம்பிக்கும். எழுத்தே வராமல் கருப்பாக நிற்கும் நாளில் விண்டோஸ் இன்னும் வாசலுக்கே வரவில்லை. அந்த நாள் கோளாறை ஃபார்மட் எப்படிச் சரிசெய்யும்?

ஆனி என்று நீங்கள் சொன்னதும் முக்கியம். ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று புளியரை, செங்கோட்டையை நனைத்துவிட்டுத்தான் கிழக்கே போகிறது. உங்கள் ஜெராக்ஸ் பேப்பரே இந்த மாதத்தில் ரெண்டு ரெண்டாக ஒட்டிக்கொண்டு உள்ளே போகுமே, அதே ஈரம்தான் ராத்திரி முழுக்க கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளும் இருக்கிறது.

எதையும் கழற்றுவதற்கு முன், கம்ப்யூட்டர் ஓடுகிற நேரத்தில் உங்கள் ஃபைல்களை வெளி டிஸ்கில் காப்பி எடுத்துவிடுங்கள். பட்டனை அமுக்கி அணைக்கும் ஒவ்வொரு முறையும் பாதி எழுதிய ஃபைல் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு.

மறுநாள் காலையில் கீபோர்டு, மவுஸ் தவிர யுஎஸ்பியில் இருக்கும் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் போடுங்கள். பென் டிரைவ், பிரிண்டர், கைரேகை மெஷின் எல்லாம்தான். இதில் நானே ஏமாந்திருக்கிறேன். ஆரியங்காவிலிருந்து ஒருவர் கொண்டுவந்த பெட்டிக்கு இரண்டு முறை விண்டோஸ் போட்டேன். என் மேஜையில் நன்றாக ஓடும், அவர் வீட்டுக்குப் போனால் நிற்கும். கடைசியில் பார்த்தால், அவர் வீட்டில் நிரந்தரமாகச் செருகி வைத்திருந்த பழைய கார்டு ரீடர்தான் காரணம். கடைக்குக் கொண்டுவரும்போது அதைக் கழற்றிவிட்டு வந்திருக்கிறார். கூலி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அதிலும் மாற்றம் இல்லையென்றால் ரேம். பவர் வயரைச் சுவரிலிருந்தே பிடுங்குங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிப் பிடித்தால் மிச்சக் கரண்ட் வடிந்துவிடும். பக்கத்துத் தகட்டைக் கழற்றி, பெட்டியின் இரும்பை ஒரு தடவை தொட்டுவிட்டு ரேமை எடுங்கள். இரண்டு ஓரத்திலும் உள்ள கிளிப்பை விலக்கினால் தானே மேலே வரும். அடியில் வரிசையாக இருக்கும் தங்க நிறப் பற்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். புதிதில் பளிச்சென்று இருந்தது இப்போது மங்கி, அங்கங்கே கருப்புப் புகை படிந்த மாதிரி இருக்கும். பிள்ளைகள் பென்சிலுக்கு வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் இரண்டு பக்கமும் மெதுவாக ஒரே திசையில் தேயுங்கள். இங்க் அழிக்கும் சொரசொர ரப்பர் வேண்டாம், உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது. துகளைத் தட்டிவிட்டு, கிளிப் 'டக்' என்று விழும்வரை அமுக்கிச் செருகுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒரு நாள் ஒன்றை மட்டும், மறுநாள் மற்றதை மட்டும் போட்டுப் பாருங்கள். சாரல் காலத்தில் என்னிடம் வரும் பெட்டிகளில் கணிசமானவை இந்த ரப்பரோடு வீட்டுக்குப் போய்விடும்.

ஆனால் 'மூணு நாலு தடவை போட்டால் வருகிறது, வந்தால் சாயங்காலம் வரை நிற்பதில்லை' என்பது எனக்கு ரேமை விட எஸ்எம்பிஎஸ் மேல்தான் அதிக சந்தேகத்தைக் கிளப்புகிறது. அதற்குள்ளும் மதர்போர்டிலும் உருளை மாதிரி நிற்கும் கெப்பாசிட்டர்களுக்குள் ஒரு திரவம் உண்டு. வருஷக்கணக்கில் சூட்டில் அது காய்ந்து வரும். காய்ந்த கெப்பாசிட்டர் குளிர்ந்திருக்கும்போது இன்னும் மோசமாக வேலை செய்யும். இரண்டு மூன்று தடவை கரண்ட் ஓடிச் சூடானால் ஓரளவு தெளியும். குளிரில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் பழைய லாரியை செக்போஸ்ட்டில் நீங்கள் பார்க்காததா! மதர்போர்டில் பிராசஸரைச் சுற்றி இருப்பவற்றின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருந்தால் நல்லது. உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அதுதான் ஆள்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள். வயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். தெரிந்த கடையில் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி மாட்டி, மூன்று காலை தொடர்ந்து போட்டுப் பாருங்கள். மத்தியானம் போட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை, கோளாறு காலையில்தானே வருகிறது. மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்ப்பதாக இருந்தால், 12 வோல்ட் வயரில் 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது என்று சொல்லுங்கள். மீட்டரில் சரியாகக் காட்டிவிட்டு ஸ்டார்ட் ஆகும் நொடியில் துவண்டுபோகும் எஸ்எம்பிஎஸ்களும் உண்டு. அதனால் மாற்றிப் பார்ப்பதைத்தான் நான் நம்புவேன்.

ஹார்டு டிஸ்கையும் ஒரு பார்வை பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று இலவச மென்பொருள் இருக்கிறது. அது நீலத்தில் 'குட்' காட்டாமல் மஞ்சளில் எச்சரித்தால், முக்கியமாக டிஸ்கில் கெட்டுப்போன இடங்களைக் காட்டும் 05, சி5, சி6 என்ற வரிகளில் எண் ஏறியிருந்தால், அந்த டிஸ்கை நம்பாதீர்கள். தேதியும் நேரமும் தினமும் பின்னால் போனால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது; அது சின்னச் செலவு.

தினமும் ஒரே இடத்தில், அதுவும் லோகோவில் மட்டுமே நிற்கிறது என்பவர்களுக்கு வழி வேறு. அணைத்துப் போட்டால் நிற்கிறது, 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் மட்டும் ஒழுங்காக வருகிறது என்றால், கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 8-லிருந்து இருக்கும் வசதி இது. முழுதாக அணையாமல், பாதி நினைவை டிஸ்கில் எழுதிவைத்துத் தூங்கும். அதிலும் சரியாகவில்லையா? ஷிஃப்டை அமுக்கிக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து சேஃப் மோடுக்கு, அதாவது அத்தியாவசியமானவை மட்டும் ஏறும் நிலைக்குப் போங்கள். அங்கே ஒழுங்காக வந்தால் கடைசியாக ஏறிய டிரைவரோ ஆன்டிவைரஸோதான் காரணம். 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் எழ முடியாமல் கிடந்தது இப்படி ஒரு பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட்டால்தான். பலரும் சேஃப் மோடில் போய் ஒரு ஃபைலை அழித்துத்தான் மீண்டார்கள்.

புதுசு வாங்க வேண்டுமா என்று கேட்டீர்கள். ரேமைத் துடைப்பது, எஸ்எம்பிஎஸ் மாற்றுவது வரை தாராளமாகச் செய்யுங்கள். மதர்போர்டு கெப்பாசிட்டர் உப்பியிருந்தால் எட்டு வருஷப் பெட்டிக்கு அந்தச் செலவு வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. வாடிக்கையாளரின் ஆதார், பேங்க் வேலை பார்க்கிற கடைக்கு அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ரேமையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எதனால் சரியானது என்றே தெரியாமல் போய்விடும். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரு வாரம் எழுதி வையுங்கள்: எந்தக் காலை, எங்கே நின்றது, எத்தனையாவது தடவை வந்தது, அன்றைக்குச் சாரல் இருந்ததா. மெக்கானிக்கிடம் போகும்போது பெட்டியோடு அந்தப் பக்கத்தையும் காட்டுங்கள்.