பவுடர் ரின் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 43. புதுக்குடியிருப்புப் பக்கம். 2009இல் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது, செயற்கைக் காலோடுதான் நடமாட்டம். சலரோகத்துக்கு கிளிக்கிளசைட் குளிசை போடுகிறேன். நிறை ஏறிக்கொண்டே போகிறது. மிஞ்சிய காலை நுழைக்கிற சொக்கெட் இறுக்கி, தோல் சிவந்து எரிகிறது. தெரிந்த அக்கா ஒருவர் இரவுச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் கரைத்துக் குடிக்கிற பவுடர் விற்கிறார். ஒரு ரின் 14,500 ரூபாய், இரண்டு தரமாகக் கட்டலாமாம். பக்கவிளைவே இல்லை, போகப் போகக் குளிசையையும் விடலாம் என்கிறார். வாங்கலாமா? மெலியிறதுக்கெல்லாம் டொக்டரிட்டப் போவினமா?

பதில்: வாங்காதேங்கோ. அந்த அக்கா பொய் சொல்கிறார் என்றில்லை, அவருக்கு விற்றவர்கள் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவரும் சொல்லுவார். ஆனால் நீங்கள் போடுவது கிளிக்கிளசைட். அது கணையத்தை உந்தி இன்சுலினைச் சுரக்க வைக்கும், நீங்கள் சாப்பிட்டீர்களா என்று பார்த்துக்கொண்டிராது. புட்டையும் கறியையும் விட்டு ஒரு கோப்பை பவுடரோடு படுத்தால், சாமத்தில் சீனி இறங்கி வியர்த்து நடுங்கலாம், மயக்கமும் வரலாம். குளிசையை விட்டாலோ சீனி ஏறும். அந்தச் சிவந்த தோல் புண்ணானால் ஆறுவது கஷ்டம். சாப்பாடு குறையும்போது குளிசையின் அளவும் மாற வேண்டுமா என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

மெலிய டொக்டரிடம் போவார்களா என்று கேட்கிறீர்கள். நீங்கள் ஏற்கனவே கிளினிக்குக்குப் போகிற ஆள்தானே! அங்கே சனம் நிறைந்திருக்கும், உங்கள் முறை வந்தால் இரண்டு நிமிடம். அதற்குள் நிறைக் கதையை எடுக்கக் கூச்சமாக இருந்திருக்கும். அடுத்தமுறை கிளினிக் கொப்பியோடு ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோங்கள்: எப்போதிருந்து நிறை ஏறியது, வேறென்ன மருந்து போடுகிறீர்கள், குறட்டை உண்டா, மாதவிடாய் ஒழுங்கா. தைரொயிட் குறைபாடும் ஸ்டீரொயிட் குளிசையும் நிறையை ஏற்றும். சலரோகக் குளிசைகளிலேயே சிலது ஏற்றும், நீங்கள் போடுவதும் அந்த வகைதான். மெற்ஃபோர்மின் என்கிற சலரோகக் குளிசை அப்படி ஏற்றுவதில்லை. மாற்ற முடியுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

நிறுக்கும்போது செயற்கைக் காலைக் கழற்றிவிட்டு நிறுங்கள். முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி உடல் நிறையில் ஏறத்தாழ 6 சதவீதம், அதைக் கூட்டாமல் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற நிறைக் கணக்கு) பார்த்தால் கணக்குக் குறைத்துக் காட்டும். 158 சென்ரிமீற்றர் உயரமும் 79 கிலோவும் உள்ளவருக்குத் தராசுக் கணக்கு 31.6, திருத்தினால் 33.6 வரை போகும். நம் ஆட்களுக்கு 23க்கு மேலேயே கவனம் வேண்டும். இதெல்லாம் கரைச்சல் என்றால் தையல்காரர் நாடாவால் இடுப்பை அளவுங்கள், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் தாண்டக்கூடாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்ப்பது இலவசம், 14,500 ரூபாய் கையிலேயே இருக்கும்.

மெலிவதற்கு வாரம் ஒருமுறை போடுகிற செமக்ளூற்றைட் ஊசியைப் பற்றி யாராவது காதில் போட்டிருப்பார்கள். வேலை செய்யும் மருந்துதான். ஆனால் நிறுத்தினால் போன நிறையில் பெரும்பகுதி திரும்புவது வழக்கம், ஆகவே ஒரு மாதச் செலவோடு முடியாது. திறக்காத ஊசி 2 முதல் 8 பாகைக் குளிரில் இருக்க வேண்டும், வன்னி வெயிலில் பஸ்ஸில் பையோடு வருகிற சாமானல்ல. போலி ஊசிகள் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024இல் எச்சரித்தது. டொக்டரின் துண்டில்லாமல் யார் தந்தாலும் தொடாதேங்கோ.

ரின்னுக்கு முற்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் பில் கேளுங்கள். லேபலில் இறக்குமதியாளர் பெயர், விலை, காலாவதித் திகதி இல்லாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அறிவிக்கலாம். பசியை ஒரேயடியாக நிறுத்துகிற பவுடரென்றால் இன்னும் சந்தேகப்படுங்கள். இதயத்துக்கு ஆபத்தென்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்ட சிபுற்றமின் என்ற பசியடக்கும் மருந்து, மெலிவுப் பொருட்களில் ஒளித்துக் கலக்கப்பட்டுப் பலமுறை பிடிபட்டிருக்கிறது.

சிவந்த தோலுக்கு மட்டும் கிளினிக் நாள்வரை காத்திராமல் இந்தக் கிழமையே காட்டுங்கள். பிறகு நிறை இறங்கத் தொடங்கினால் சொக்கெட் தளரும். முதலில் சொக்கெட்டுக்குள் மேலதிகமாக ஒரு காலுறை போட்டுச் சமாளிக்கலாம். அதற்கும் ஆடினால் கால் செய்து தந்த இடத்துக்கே போய்த் திருத்தச் சொல்லுங்கள், வீட்டில் துணி அடைத்து நடக்காதேங்கோ.