250 ரூபாய்க் காபியில் தோட்டக்காரருக்கு எவ்வளவு? கேள்வி பதில்

காபிக் கொட்டை வாங்கி, வறுத்து, அரைத்து விற்பது என் தொழில். ஏற்காடு, தாண்டிக்குடி, குடகுச் சரக்கெல்லாம் கைக்கு வரும். பெரிய காபிக்கடைச் சங்கிலிகளால் உள்ளூர்க் கடைகளுக்கும் தோட்டக்காரர்களுக்கும் என்ன ஆகிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (சென்னை): மாலில் ஒரு கப்புச்சீனோ 250 ரூபாய். இதில் தோட்டத்துக்கு எவ்வளவு போகும்?

கணக்குப் போட்டே பார்ப்போம். இரண்டு ஷாட் எஸ்பிரெசோவுக்குச் சுமார் 18 கிராம் தூள். வறுக்கும்போது எடை குறைவதால், ஒரு கிலோ வறுத்த கொட்டைக்கு 1.2 கிலோ பச்சைக் கொட்டை வேண்டும். பச்சைக் கொட்டை கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வறுத்தது கிலோ 480 ஆகிறது. 18 கிராமுக்கு 9 ரூபாய்கூட இல்லை. அதிலும் ஏஜென்ட் கமிஷன், கியூரிங் (கொட்டையின் மேலோட்டை நீக்கித் தரம் பிரிப்பது) கூலி, லாரி வாடகை எல்லாம் கழியும்.

இப்போது மெஸ் காபிக்கு வாருங்கள். டம்ளர் 20 ரூபாய். பத்து கிராம் தூள், அதில் 30 சதவீதம் சிக்கரி (காபியோடு கலக்கும் வறுத்த வேர்த்தூள்). காபி மட்டும் 7 கிராம், அதாவது மூன்றரை ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. விலையில் பங்கு என்று பார்த்தால் மாலில் மூன்றரை சதவீதம், மெஸ்ஸில் கிட்டத்தட்ட 17 சதவீதம். மீதியெல்லாம் இட வாடகை, ஏசி, பால், சம்பளம், பெயர்ப் பலகை. அந்தக் கடை காபி விற்பதைவிட நாற்காலியை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது என்பதே என் அபிப்பிராயம். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் கொட்டை விலை பாதியானாலும் அங்கே கப் விலை ஒரு ரூபாய் இறங்காது.

கேள்வி (சேலம்): அப்படியானால் விலையை அமுக்குவது இந்தச் சங்கிலிகள்தானே?

நேராகச் சொன்னால், இல்லை. காபியின் இரண்டு முக்கிய ரகங்களில் அராபிகாவின் விலை நியூயார்க் சந்தையில் முடிவாகிறது, ரோபஸ்டாவின் விலை லண்டனில். ஸ்டார்பக்ஸ் அவ்வளவு பெரிய கம்பெனி என்றாலும் உலக விளைச்சலில் சுமார் 3 சதவீதம்தான் வாங்குகிறது.

தோட்டக்காரர்களின் முதுகை ஒடித்தது வேறு. நாடுகளுக்கு ஏற்றுமதி அளவு வகுத்து விலையைத் தாங்கிப் பிடித்த சர்வதேச ஒப்பந்தம் 1989 ஜூலையில் உடைந்தது. அப்புறம் வியட்நாம் நாடு உலகச் சந்தையில் ரோபஸ்டாவைக் கொட்டியது. 2001 அக்டோபரில் நியூயார்க்கில் ஒரு பவுண்டு (சுமார் 450 கிராம்) கொட்டை விலை 50 சென்ட்டுக்கும் கீழே போனது. வயநாட்டிலும் குடகிலும் பறிகூலிகூடக் கட்டவில்லை. பலர் கடனில் மூழ்கினார்கள். அதே வருடங்களில் அமெரிக்காவில் தெருவுக்குத் தெரு புதுக் கடை திறந்துகொண்டிருந்தது, கப் விலை இறங்கவில்லை. சங்கிலிகள்மேல் எனக்குள்ள வருத்தம் இதுதான். விலையை அவர்கள் அமுக்கவில்லை, அது விழுந்தபோது மிச்சமான பணம் தோட்டத்துக்குத் திரும்பி வரவில்லை.

நம் ஊரில் முன்பு 1942 சட்டப்படி எல்லாச் சரக்கையும் அரசின் காபி போர்டிடம்தான் கொடுக்க வேண்டியிருந்தது. பணம் தவணை தவணையாக வரும், எல்லோரும் திட்டுவார்கள். 1990களில் அது படிப்படியாகத் தளர்ந்து, 1996இல் முழுச் சுதந்திரம் வந்தது. அதே வருடம்தான் பெங்களூரு பிரிகேட் சாலையில் கஃபே காபி டே சங்கிலியின் முதல் கடை திறந்தது. வெளிச்சந்தை வந்ததால் நல்ல வருடத்தில் நல்ல காசு, கெட்ட வருடத்தில் தாங்க ஆளில்லை.

கேள்வி (கோவை, டீக்கடை நடத்துபவர்): எங்கள் தெருவிலேயே ஒரு பெரிய கடை வந்துவிட்டது. வாடிக்கையாளர்கள் போய்விடுவார்களா அண்ணா?

போகமாட்டார்கள் தம்பி. காலையில் இருபது ரூபாய்க்கு நின்றுகொண்டே குடித்துவிட்டு வேலைக்கு ஓடுகிறவர் அங்கே உட்காரப் போவதில்லை. உங்களுக்கு அடி வேறு பக்கத்திலிருந்து வரும். அவர்கள் கொடுக்கும் வாடகை உங்கள் கட்டட உரிமையாளரின் காதுக்கு எட்டும். எங்கள் பக்கத்தில் மூடிய கடைகளில் பாதிக்கு மேல் வியாபாரம் குறைந்து மூடியவை அல்ல, ஒப்பந்தம் முடிந்ததும் வாடகையை ஒரேயடியாக ஏற்றியதால் மூடியவை. ஒப்பந்தத்தில் எத்தனை வருடம், வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏற்றம் என்று எழுத்தில் இருக்கிறதா, இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று தூள் விலை. பிரேசில் வறட்சிக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் நியூயார்க் விலை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. பெரிய கம்பெனிகள் பல மாதத்துச் சரக்குக்கு முன்கூட்டியே விலை பேசி வைத்திருப்பார்கள். என்னைப் போன்ற தூள் கடைக்காரன் மூட்டை மூட்டையாக அன்றன்றைய விலைக்கு வாங்குகிறவன். 80-20 (80 பங்கு காபி, 20 பங்கு சிக்கரி) கேட்டவர்கள் 60-40க்கு இறங்கினார்கள். சிக்கரி ஏறினால் டிகாக்‌ஷன் கெட்டியாகத்தான் தெரியும், மணம்தான் போய்விடும்.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் உள்ளூர்க் கடைகள் ஸ்டார்பக்ஸையே விரட்டிவிட்டனவாமே?

முழுதாக இல்லை. ஸ்டார்பக்ஸ்காரர்கள் 2000இல் அங்கே போனார்கள், 2008இல் 84 கடைகளில் 61ஐ மூடினார்கள். 1950களிலிருந்தே இத்தாலியரும் கிரேக்கரும் அங்கே எஸ்பிரெசோ போட்டுப் பழக்கியிருந்தார்கள். அந்த ஊர்க்காரர்களிடம் போய்ப் புதுசாகக் கற்றுக்கொடுக்க ஒன்றும் இல்லை.

கேள்வி (மதுரை): இங்குள்ள வெளிநாட்டுக் கடைகள் கொட்டையை இறக்குமதி செய்கின்றனவா?

காபிக்கு 100 சதவீத இறக்குமதி வரி இருக்கிறது, கட்டுப்படியாகாது. 2012இல் டாடாவோடு கூட்டாக ஸ்டார்பக்ஸ் வந்தபோதே கொட்டை டாடா காபியிடமிருந்து என்று ஏற்பாடு. இது நல்ல விஷயம்தான். ஆனால் நம் விளைச்சலில் பெரும்பகுதி, சுமார் 70 சதவீதம், கப்பல் ஏறுகிறது. பெரிய கிராக்கி இத்தாலி. குடகு ரோபஸ்டாக்காரருக்கு மாலில் இருக்கும் கடையைவிட இத்தாலிய வறுப்பாளர்தான் முக்கியம்.

கேள்வி (தாண்டிக்குடி, மூன்று ஏக்கர்): சங்கிலிக் கடைக்கு நேரடியாக விற்க முடியுமா?

மூன்று ஏக்கர் சரக்கை அவர்கள் தொடமாட்டார்கள் ஐயா. வருடம் முழுவதும் ஒரே ருசியில் டன் கணக்கில் கேட்பார்கள். அதைவிடச் சிறிய வறுப்பாளர்களைப் பிடியுங்கள். சென்னையிலும் பெங்களூரிலும் நிறையப் பேர் தோட்டத்தின் பெயரைப் போட்டு விற்கிறார்கள், சந்தை விலைக்கு மேலும் கொடுப்பார்கள்.

ஆனால் மரத்தோடு உருவிக் களத்தில் காயவைத்த செர்ரிக்கு (முழுக் காபிப் பழத்துக்கு) அந்த விலை கிடைக்காது. சிவந்த பழம் மட்டும் பறிக்க வேண்டும். மூன்று நான்கு சுற்று ஆகும், கூலி ஏறும். பறித்த அன்றே தொட்டித் தண்ணீரில் கொட்டி, மிதக்கும் பழத்தை அள்ளித் தனியாக வையுங்கள். மீதியைப் பல்ப்பரில் (பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரத்தில்) விட்டு, கழுவி, ஈரம் 10 சதவீதத்துக்கு வரும்வரை கிளறிக் கிளறிக் காயவையுங்கள். பல்ப்பர் ஒருவருக்குக் கட்டாது, பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கலாம். முக்கியமாக, வியாபாரியிடம் பூக்கும்போதே முன்பணம் வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் விலை சொல்லும் வாய் அவருடையது.

கேள்வி: ஊர்ப் பெயருக்கு உரிமை வாங்கினால் பலன் உண்டா?

எத்தியோப்பியா செய்து காட்டியது. சிடாமோ, ஹரார், யிர்காசெஃப் பெயர்களுக்கு 2005இல் அமெரிக்காவில் வணிகக்குறி கேட்டார்கள். அங்குள்ள காபி வியாபாரிகள் சங்கம் எதிர்த்தது. கடைசியில் 2007இல் ஸ்டார்பக்ஸோடு ஒப்பந்தம் ஆனது. நம் நாட்டில் குடகு அராபிகா, வயநாடு ரோபஸ்டா உள்ளிட்ட ஐந்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சான்றிதழ் கையில் இருக்கிறது, அதைப் பையில் அச்சடித்து விற்பவர்கள் குறைவு.

கேள்வி (திருச்சி): குடிக்கிற நாங்கள் என்ன செய்யலாம்?

தூள் வாங்கும்போது எந்த ஊர்க் கொட்டை என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பாக்கெட் என்றால் சிக்கரி சதவீதம் அச்சிட்டிருக்கும், அதைப் படியுங்கள். சட்டப்படி 49 சதவீதம்வரை சிக்கரி போடலாம். விலை குறைவு என்று எடுக்கிற பாக்கெட்டில் தோட்டக்காரருக்குப் போவது பாதிப் பைக்குத்தான்.